தினம் ஒரு சத்தம்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் எழுத வேண்டும் என்பது உத்தரவு. பேச்சுப் பயிற்சி தருகிற அருள்மொழி சொல்லிவிட்டாள். இவர் என்ன சொன்னார், என்ன சொல்ல முயன்றார், எதற்குக் கோபப்பட்டார் என்று தினமும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். மகளிர் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் குறிப்பெடுத்தவளுக்கு இது பெரிய வேலை இல்லை. நீண்ட விடுப்பில் இருக்கிறேன். கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கட்டும்.

நோயாளி: நாச்சிமுத்து, வயது அறுபத்தொன்று, என் கணவர். மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மே இரண்டாம் தேதி காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையும் காலும் பாதிதான் வேலை செய்கின்றன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கிறது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் இல்லை. அதனால் இந்த வீட்டில் பேசினால் நான் பேச வேண்டும், இல்லாவிட்டால் மிக்ஸி.

இன்று சொன்ன சொற்கள்: இல்லை.

ஜூன் 12, வியாழன்

அருள்மொழி படம் காட்டினாள். மாம்பழம், பசு, குடை. ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்னங்க ஐயா?" என்று கேட்டாள். குடை வந்தபோது இவர் கண்ணை மூடிக்கொண்டார். நூற்றுச் சொச்சம் மோட்டார்களைக் கட்டி மேய்த்த மனிதரிடம் பசுவைக் காட்டினால் வேறென்ன செய்வார்? நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன்.

வெளியே வந்ததும் அருள்மொழி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். முதல் சில மாதங்கள் முக்கியமாம். பேச வேண்டும் என்கிற ஆசை அவருக்குள் இருக்க வேண்டுமாம். "அந்த ஆசை உட்டுப்போச்சுன்னா நான் எத்தன படம் காட்டியும் பிரயோஜனமில்லீங்கம்மா" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. வாசலில் எங்கள் கார் சும்மா நிற்கிறது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. இருபது வருடமாக அது பீரோவுக்குள் இருக்கிறது.

இன்று சொன்ன சொற்கள்: இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அந்தக் காரைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. கம்பெனி அதற்கு வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. கோயமுத்தூரில் அதன் பெயர் சிட்டு. மூன்று சிலிண்டர். நான்கு பேர் உட்காரலாம், ஐந்தாவது ஆள் யார் மடியிலாவது. எட்டு வருடம் முன்பு கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. பெரிய பட்டறைகளுக்குக் கொண்டுபோனால் இதையெல்லாம் இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்களாம். அதனால் சிட்டு வைத்திருக்கிற எழுபது எண்பது பேர் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு போட்டுக்கொண்டார்கள். சிட்டுக் கூட்டம் என்று பெயர். ஞாயிறு காலையில் மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்துபோட்டு, கையில் டீயோடு நிற்பார்கள். எட்டு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற கூட்டம்.

அவர்களுக்கு இரண்டு வழக்கங்கள். வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் அதைப் பதிவு செய்து குழுவில் போடுவார்கள், தெரிந்தவர்கள் கேட்டுவிட்டுக் கோளாறைச் சொல்வார்கள். சரியானபின், என்ன கோளாறு, யார் தப்பு, எப்படிச் சரியாயிற்று என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். அடுத்தவருக்கு உதவுமே என்றுதான்.

சத்தம் கேட்டுச் சொல்வதில் இவர்தான் பெரிய கை. கண்ணை மூடிக் கேட்பார். போனை வாய்க்கு அருகில் வைத்து, இது இந்த பெல்ட், அது அந்த பிளக் என்று பேசி அனுப்பிவிட்டு ரசம் சாதத்தைத் தொடர்வார். போனா நானா என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

இன்று அந்தப் போன் விடாமல் கத்தியது. குழுவை நடத்துகிற பெனடிக்ட், தபால் ஆபீஸில் வேலை செய்கிறவர், ஒரு சத்தம் போட்டிருந்தார். அணைக்கப் போனபோது விரல் பட்டு அது ஓடியது, இவர் தலையைத் திருப்பினார். ஆறு வாரத்தில் அவராக ஒன்றின் பக்கம் திரும்பியது இன்றுதான். மறுபடியும் ஓடவிட்டேன். இடது கையைத் தூக்கி விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பெல்ட்டா என்றேன். தலையாட்டினார். "பெல்ட்" என்று எழுதி அனுப்பினேன். இவர் போனிலிருந்து போகிறது, இவர் பெயரில்தான் போகும். அதற்கு நான் என்ன செய்ய?

சாயங்காலம் பெனடிக்ட் எழுதினார்: பெல்ட்தான், மாற்றியாயிற்று, நன்றி நாச்சி அண்ணா. வாசித்துக் காட்டினேன். இவர் மூன்று இட்லி சாப்பிட்டார்.

இவருக்கு வந்திருப்பதைக் குழுவில் யாருக்கும் சொல்லவில்லை, வெளியூர் போயிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். பரிதாபப்பட்டால் இவருக்குப் பிடிக்காது. அதனால்தான்.

ஜூன் 18, புதன்

இரண்டு சத்தங்கள். இரண்டுக்கும் பதில் போட்டேன். இப்போது ஏன் பேசி அனுப்புவதில்லை, எங்கள்மேல் கோபமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தொண்டை சரியில்லை என்று எழுதினேன். பொய்யும் இல்லை.

குழுவில் இவர் இன்னும் பழைய நாச்சி அண்ணா. ஊரில் ஒரு இடத்திலாவது அப்படி இருக்கட்டும்.

இன்று சொன்ன சொற்கள்: இல்லை.

ஜூன் 21, சனி

சித்திக் என்று ஒருவர், உக்கடத்தில் பேக்கரி வைத்திருக்கிறார். நாளை மேட்டுப்பாளையத்தில் அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அம்மா, தங்கை, மனைவி, குழந்தை எல்லோரையும் சிட்டில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டி நின்றபடி ஓடினால் சூடு காட்டும் முள் ஏறுகிறது, கிளம்பினால் இறங்குகிறது. ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பதிவு செய்திருந்தார். நம்பிப் போகலாமா அண்ணா என்று கேட்டிருந்தார்.

இவர் இரண்டு தடவை கேட்டார். போகலாமா என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். நிச்சயமாகவா என்றேன். அதற்கும் ஆமாம். கூடவே இடது கையால் கட்டிலை ஓங்கி ஓங்கி அடித்தார். தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டார். மாத்திரை நேரம் தாண்டியதால் எரிச்சல். தாராளமாகப் போகலாம் என்று எழுதி அனுப்பினேன்.

அப்புறமும் போனைக் காட்டிக்கொண்டே இருந்தார். சத்தத்தை இன்னொரு தடவை போட்டேன். அழுதார். இந்த நோயில் காரணம் இல்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

சித்திக்கின் வண்டி பெரியநாயக்கன்பாளையத்தில் நின்றுவிட்டது.

ஜூன் 23, திங்கள்

நேற்று எழுதக் கை வரவில்லை. நெரிசலில் அரை மணி நேரம் மாட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் கொதித்துப் புகை கிளம்பி, என்ஜின் அடங்கிவிட்டது. பட்டுப்புடவையும் தட்டுகளுமாகக் குடும்பமே ரோட்டோரம் வெயிலில் நின்றிருக்கிறது. பெண் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்களாம்.

சித்திக் வழக்கப்படி எழுதியிருந்தார்: ரேடியேட்டரைக் குளிர்விக்கிற ஃபேன் ஓடவே இல்லை, நான் அனுப்பிய பதிவிலும் அதன் சத்தம் இல்லை. முள் ஏறியதைப் பார்த்தும் நிறுத்தாமல் ஓட்டியது என் தப்பு. என்ஜினின் மேல்மூடி, ஹெட், வளைந்துவிட்டது. அவ்வளவுதான். நாச்சி அண்ணாவைக் கேட்டேன், போகச் சொன்னார் என்று ஒரு எழுத்து இல்லை.

இன்று அருள்மொழியிடம் நோட்டைக் கொடுத்தேன். சனிக்கிழமைப் பக்கத்தில் நிறுத்தினாள். இந்த மாதிரி நோயாளிகளுக்கு ஆமாம், இல்லை இரண்டும் மாறி வருமாம். மனதில் இல்லை என்று நினைத்துத் தலையை ஆமாம் என்று ஆட்டுவார்களாம். "தலையாட்டறத நம்பாதீங்கம்மா, கையப் பாருங்க" என்றாள்.

கை கட்டிலை அடித்தது. போகாதே என்று அடித்தது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இவர் கட்டிலருகே உட்கார்ந்து, எழுதி, இவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"சித்திக் தம்பியின் வண்டி நின்றதற்குக் காரணம் அவர் அல்ல. நாச்சிமுத்துவும் அல்ல. அவருக்கு மே மாதம் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. எட்டு நாளாகப் பதில் எழுதியது நான், அவர் மனைவி பரிமளா. போக வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். நீங்கள் அவரை நாச்சி அண்ணா என்று கூப்பிடுவது நின்றுவிடக் கூடாது என்று உண்மையை மறைத்தேன். எல்லோரும் மன்னிக்க வேண்டும்."

ஒரு மணி நேரம் குழுவில் சத்தமே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு ஹாரன். வாசலில் இரண்டு சிட்டுகள். பெனடிக்ட் வந்தார், உமையாள் என்றொரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தாள், உமையாளின் வண்டியிலேயே சித்திக்கும் வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்னவர், முப்பது வயதுகூட இருக்காது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் நேராகப் போய் இவர் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணா, வண்டி கெடக்குது. நீங்க இப்படி இருக்கறது எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

தங்கைக்கு என்ன ஆயிற்று என்று நான்தான் கேட்டேன். நிச்சயம் நல்லபடியாக முடிந்ததாம். புகையும் வியர்வையுமாக வந்து நின்ற பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டாராம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இவர் இடது கையால் கட்டிலுக்கு அடியில் காட்டிக்கொண்டே இருந்தார். குனிந்து பார்த்தேன். பழைய துணி சுற்றி ஏழெட்டுச் சாமான்கள். எடைக்குப் போடச் சொல்லி நான் எத்தனையோ முறை கத்தியவை. ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினேன். நான்காவதில் கையைத் தட்டினார். சிட்டின் ஹெட், எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருந்தார். ஊரில் எங்கும் கிடைக்காதாம். சித்திக் அதை மடியில் வைத்து, சுற்றியிருந்த துணியாலேயே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 3, வியாழன்

அட்டைகள் செய்தேன். ஒன்றுக்கு ஒரு சாமான்: பெல்ட், பிளக், ஃபேன், ரேடியேட்டர், கிளட்ச் கேபிள், சைலன்சர். படம் வரைந்து கீழே பெயர். ஆய்வகப் பாட்டில்களுக்கு லேபிள் எழுதிய கை, அதனால் பார்க்க லட்சணமாகவே இருக்கின்றன. சத்தம் வந்தால் கட்டிலில் பரப்புவேன், இவர் தொடுவார், நான் அந்தப் பெயரை உரக்கச் சொல்லச் சொல்லுவேன். வாயைக் குவிக்கிறார். காற்றுதான் வருகிறது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. பசுவும் மாம்பழமும் செய்யாததைச் சைலன்சர் செய்கிறது என்று அருள்மொழியே சொல்லிவிட்டாள்.

தினம் காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் ஒரு சத்தம் அனுப்புகிறார். வண்டிகளின் நிலைமை மோசம்தான்.

ஜூலை 8, செவ்வாய்

உமையாள் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறாள். அரை கிளட்சில் வண்டியை மேட்டில் நிறுத்துவது என்பது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது. இன்று இரண்டு தடவை நின்றுபோயிற்று, பின்னால் பஸ்காரர் என் வம்சத்தையே விசாரித்தார். உமையாள் கண்ணாடியை இறக்கி, "பழகறாங்க, கொஞ்சம் பொறுங்ணா" என்றாள். அவளுக்கு ஆயிரம் வேலை. வாரம் மூன்று நாள் வருகிறாள். நன்றி சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

ஜூலை 17, வியாழன்

நானே ஓட்டிக்கொண்டு இவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். சிட்டின் சீட் சரியான உயரம். இவர் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார், யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. வழியெல்லாம் நான் கியர் மாற்றும்போது இவர் முகம் சுளித்தது. பேச முடிந்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். சொல்லித் தொலையுங்கள் என்றேன்.

இன்று சொன்ன சொற்கள்: இல்லை.

ஜூலை 23, புதன்

பெனடிக்டின் வண்டியில் மறுபடியும் பெல்ட் சத்தம். போன மாதம்தான் புதிது போட்டார். இந்த மாதத்தில் அவர் வண்டிக்கு மூன்றாவது கோளாறு. தபால் ஆபீஸ்காரருக்கு இது கட்டுப்படியாகுமா? விற்றுவிடலாமே என்று எழுதப் போனவள் எழுதவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூன்று மாதம் ஆகிவிட்டது. அருள்மொழி இப்போதெல்லாம் மாதக் கணக்கு பேசுவதில்லை. அதைக் கவனித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. இப்படியே இருந்தாலும் இருப்பார், நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் ஒரு நாள்கூட என்னைத் திட்டாமல் மீதிக் காலம் போய்விடுமோ என்று பயம்.

காலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பதினைந்து வண்டிகள். இவருக்கு ஒரு நாற்காலி போட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை. வரிசையில் நின்று பானட்டைத் திறந்து, அண்ணா இதைக் கேளுங்கள் என்றார்கள். எனக்கும் ஒரு டீ வந்தது. இந்தக் கூட்டத்தை எட்டு வருடம் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

உமையாள் அனுப்பிய சத்தத்தைக் கேட்டுவிட்டு இவர் அட்டையைத் தொடவில்லை. உதட்டைச் சேர்த்து "ட்ர்ர்ர்" என்றார். மூன்று தடவை. அந்தச் சத்தம் அப்படியே இருந்தது. அது சொல் ஆகுமா என்று அருள்மொழியைப் போனில் கேட்டேன். அவள் அழுகிற குரலில், எழுதுங்கம்மா என்றாள்.

இன்று சொன்ன சொற்கள்: ட்ர்ர்ர்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு சித்திக் ஒரு சத்தம் அனுப்பினார். வண்டி குலுங்குகிறது அண்ணா, பிளக் போய்விட்டதோ தெரியவில்லை என்று பின்குறிப்பு. அட்டைகளைப் பரப்பினேன். இவர் கேட்டார். மறுபடியும் போடச் சொல்லிச் சாடை காட்டினார். போட்டேன். பிளக் அட்டையை எடுத்து நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டார். எல்லா அட்டைகளையும் சேர்த்துத் தரையில் தள்ளிவிட்டார். கோபம் என்று நினைத்துப் பொறுக்கக் குனிந்தேன்.

குனிந்திருக்கும்போது மேலே இருந்து குரல் கேட்டது.

"பொய்."

நிமிர்ந்தேன். போனை இடது கையில் எடுத்து வாய்க்கு அருகில் வைத்திருந்தார், முன்பெல்லாம் வைப்பது போலவே. கட்டைவிரல் பதிவுப் பொத்தானின்மேல் இருந்தது. "பொ… பொய்யி" என்றார். விரலை எடுத்தார். அது குழுவுக்குப் போய்விட்டது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் போன் அடித்தது, சித்திக். பேச ஆரம்பித்தவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, நெசந்தானுங்க. ஒரு பிளக்கு வயர நானே புடுங்கி உட்டுட்டுத்தான் பதிவு பண்ணுனேன். நெசமா பிளக்கு போனா விட்டுவிட்டுக் குலுங்கும். இது ஒரே சீராக் குலுங்குச்சு, அதக் கண்டுபுடிச்சுட்டாரு."

எதற்கு இப்படி என்று கேட்டேன். மெல்ல மெல்லச் சொன்னார். நான் ஜூன் மாதம் எழுதியதைப் படித்த அந்த ஒரு மணி நேரம் அவர்கள் தனியாகப் பேசிக்கொண்டார்களாம். அண்ணன் காதுக்கு வேலை நிற்கக் கூடாது என்று முடிவாயிற்றாம். பெனடிக்ட் எல்லோருக்கும் நாள் பிரித்துக்கொடுத்திருக்கிறார். உண்மையிலேயே கோளாறு வந்தால் அது. வராத நாளில் யார் முறையோ அவர் தன் வண்டியில் தானே கோளாறு செய்து, பதிவு செய்து அனுப்ப வேண்டும். பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கழற்றி, சைலன்சருக்குள் டப்பாவைச் செருகி, இரண்டு மாதமாக.

இதை முதலில் கேட்டதே சித்திக்தானாம். என்னால் நடுரோட்டில் நின்றவர்.

எனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதினால் அது பொய். பெனடிக்டின் மூன்றாவது கோளாறிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டால் நின்றுவிடுமோ என்று தெரியாமல் இருந்தேன்.

சித்திக் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இனி எப்புடிங்கக்கா? அண்ணனுக்குத்தான் தெரிஞ்சு போச்சே. கோவிச்சுக்குவாரு. நிறுத்திரலாங்களா?"

இவரைப் பார்த்தேன். தன் குரலையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பொய். பொய்யி. ஒவ்வொரு தடவையும் உதடு கூடவே அசைந்தது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"நிறுத்தாதீங்க தம்பி" என்றேன். "எல்லார்கிட்டயும் சொல்லுங்க. தெனமும் ஒரு பொய் அனுப்புங்க. அவரு தெனமும் ஒரு தடவ பொய்னு சொல்லட்டும்."

நன்றி என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் என்னால் முடித்திருக்க முடியாது. இங்கே எழுதுகிறேன்: நன்றி. உங்கள் அத்தனை பேருக்கும், உங்கள் ஓட்டை வண்டிகளுக்கும், நன்றி.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை எட்டு மணிக்குள் பதினோரு பொய்கள் வந்துவிட்டன.